சுவரைத் தாண்டும் தாளம்

திருவண்ணாமலை போன்ற பழைய கோயில் நகரங்களில் வீடுகள் பெரும்பாலும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், ஒரு வீட்டில் உரக்க ஒலிக்கும் பாட்டு அடுத்த வீட்டின் உறக்கத்தைக் கலைக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு, அதில் 10 கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. பௌர்ணமிக் கிரிவல இரவில் தெருவின் இரைச்சலே வீட்டு இசையை விழுங்கிவிடக்கூடும்; மற்ற இரவுகளுக்கு அந்த மறைப்பு இல்லை.

அண்டை வீட்டாரை அதிகம் வருத்துவது பாடகரின் குரலன்று, தவிலின் கனத்த ஒலி எழுப்பும் பக்கமான தொப்பியும் சினிமாப் பாட்டின் பேஸும் எழுப்பும் தாழ்ந்த அதிர்வெண் ஒலியே. அதாவது, நொடிக்குச் சில பத்து முறை மட்டுமே அதிர்ந்து, நீண்ட அலைகளாகப் பரவும் ஒலி. அது திரைச்சீலையையும், பலர் நம்பி ஒட்டும் முட்டை அட்டையையும் (இதைவிட வீண்வேலை வேறில்லை) எளிதில் கடந்து சுவரையும் தளத்தையுமே அதிரச்செய்கிறது. ஆகவே ஒலிபெருக்கியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கித் தடித்த ரப்பர் அட்டைமீது வைத்து, பேஸைக் குறைத்து, கதவு, சன்னல் இடுக்குகளை அடைப்பதே பயன்தரும். இரவில் ஹெட்போன் போதும். ஆனால் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குப் பாதுகாப்பன்று என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.