செருப்பு நழுவும்வரை காத்திருக்காதீர்கள்

“நடக்கும்போது செருப்பு கழன்று விழுறதே தெரியலைங்க டாக்டர்” என்றபடி வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பாதத்தைத் தூக்கும் தசை பலமிழந்து, பாதத்தில் உணர்ச்சியும் குறைந்திருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். விசாரித்தால், இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால்வரை இழுக்கும் வலி மாதக்கணக்கில் இருந்திருக்கும். ‘வாய்வுப் பிடிப்பு’ என்று பூண்டு தின்றிருப்பார்கள்.

வாய்வும் இல்லை, சுளுக்கும் இல்லை

வயிற்று வாய்வு காலுக்கு இறங்காது. பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வருகிற குடைச்சல் இது. உருளைக்கிழங்கை ஒதுக்கினால் தீராது. சுளுக்கெடுக்கிறேன் என்று இடுப்பை முறுக்குவதும், பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் ஜவ்வை உள்ளே தள்ளாது; நிலைமையை மோசமாக்கலாம். மரத்துப்போன காலில் ஒத்தடம் கொடுத்து, சூடு தெரியாமல் கொப்புளத்தோடு வரும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது மெடிக்கலில் வாங்கும் ‘செட்’ மாத்திரைகள் மேல்தான். என்ன மாத்திரை என்று கேட்டால் நிறத்தைச் சொல்கிறார்கள். டைக்ளோஃபினாக் இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், சர்க்கரை ஏறும். வலி அடங்கியிருக்கும், நரம்பின் மேல் அழுத்தம் அப்படியே இருக்கும்.

ஓரிரு நாளுக்கு மேல் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். முடிந்தவரை நடமாடுங்கள்.

பரிசோதனையும் சிகிச்சையும்

காலை நீட்டித் தூக்கிப் பார்த்து, பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, வலியே இல்லாத பலருக்கும் அதில் ஜவ்வுப் பிதுக்கம் தெரியும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே வலி குறைகிறது. பிதுங்கிய ஜவ்வு தானாகச் சுருங்குவதும் உண்டு. கால் பலம் குறைந்துகொண்டே போனாலோ, வலி பல வாரங்களாகத் தாங்க முடியாமல் நீடித்தாலோதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவோம்.

விடியட்டும் என்று இருக்காதீர்கள்

சிறுநீர் இறங்காமல் நின்றுபோனால், மலம் அறியாமல் கழிந்தால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தாமதித்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். முதுகுவலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால் காசநோயா என்றும் பார்க்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

குடத்தையும் சிலிண்டரையும் இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். புகைப்பதை விடுங்கள், ஜவ்வையும் அது கெடுக்கிறது. தறியிலோ தையல் மெஷினிலோ உட்கார்ந்தால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். குடைச்சல் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டதா? அடுத்த ‘செட்’ வாங்கும் முன் ஒரு மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள், தயவுசெய்து.