ரெபெக்கா – பிரான்சிஸ் நர்ஸ் பண்ணை
டான்வர்ஸ் (அன்றைய சேலம் கிராமம்), மாசசூசெட்ஸ்

பிரான்சிஸ் மரத்தட்டு செய்து பிழைத்தவர். எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற பிறகு, 1678இல்தான் அவரும் மனைவி ரெபெக்காவும் இந்த 300 ஏக்கர் நிலத்துக்கு வந்தார்கள். விலையை அடைக்க 21 ஆண்டு தவணை.

1692இல் 71 வயது ரெபெக்காமீது சூனியக்காரி என்ற பழி விழுந்தது. அக்கம்பக்கத்தார் 39 பேர் அவருக்காக ஒரு மனுவில் கையெழுத்திட்டனர். அந்த நாளில் அது சிறிய துணிச்சல் அல்ல. நடுவர் குழுவும் முதலில் குற்றமற்றவர் என்றே சொன்னது. பிறகு ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்று தீர்ப்பை மாற்றியது. அவருக்குக் காது மந்தம். ஜூலை 19இல் தூக்கிலிட்டார்கள்.

உடலைப் பிள்ளைகள் இரவோடு இரவாக இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள் என்பது குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருவது. பிரான்சிஸ் 1695இல் காலமானார். குடும்ப இடுகாட்டில் உள்ள ரெபெக்காவின் நினைவுத்தூணை வழித்தோன்றல்கள் 1885இல் நிறுவினர்.