மூவாயிரம் பவுண்டு அழுத்தம்

குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். பக்கத்திலுள்ள மணப்பாட்டில் இன்று பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு ராக்கெட் இனி தூரத்துச் செய்தி இல்லை. ஆனால் பறக்கும் எந்திரங்களோடு வாழ விஞ்ஞானியாகத்தான் வேண்டும் என்பதில்லை. ஐடிஐ படித்த கைகளுக்கும் அங்கே இடமுண்டு. அப்படிப்பட்ட தொழில்களில் ஒன்று விமான ஹைட்ராலிக் மெக்கானிக் வேலை.

அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். ஜேசிபியின் கை மண்ணை அள்ளுவது இதனால்தான். சென்னையிலிருந்து வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வரும் ஏடிஆர் விமானம் சக்கரத்தை இறக்குவதும் இதே விதியால்தான். அதில் பச்சை, நீலம் என்று இரண்டு ஹைட்ராலிக் சுற்றுகள். சக்கரங்களை ஏற்றி இறக்குவது பச்சையின் வேலை. இறக்கையின் ஃபிளாப்பை விரிப்பதும் மூக்குச் சக்கரத்தைத் திருப்புவதும் நீலத்தின் வேலை. உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம்தான். ஏர்பஸ் 380-இல் இது 5,000.

அதனால்தான் பயிற்சியாளருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதே என்பது. ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்க நேரலாம். கசிவு தேட ஒரு அட்டைத் துண்டு போதும்.

அடுத்தது எண்ணெய். பயணிகள் விமானங்களில் பெரும்பாலும் ஊதா நிற ஸ்கைட்ரால்; எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் கண்ணில் பட்டால் எரித்துவிடும். பழைய ராணுவ விமானங்களிலும் சிறு விமானங்களிலும் சிவப்பு நிறத்தில் கனிம எண்ணெய். ஒன்றுக்கான ரப்பர் சீலை மற்றொன்று ஊறவைத்துக் கெடுத்துவிடும். டின்னை மாற்றி ஊற்றினால் சுற்று முழுவதையும் கழுவி, சீல்களை மாற்றியாக வேண்டும்.

என் கணிப்பில் இந்தத் தொழிலின் உயிர்நாடி சுத்தம்தான். எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வுக்குள் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒரு குழாயைக் கழற்றிய உடனே இரண்டு வாய்க்கும் மூடி போட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓ-ரிங் என்னும் சீல் வளையத்தில் அந்தச் சுற்றின் எண்ணெயையே தொட்டுத் தடவி, முறுக்காமல் உட்கார வைக்க வேண்டும். டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முடுக்கி, பிறகு லாக் வயர் கட்ட வேண்டும். முறுக்கிய கம்பி நட்டை இறுகும் திசையில் இழுத்துப் பிடிக்க வேண்டும். திசை தவறினால் மேற்பார்வையாளர் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும். உப்புக் காற்றும் மணலும் உள்ள நம் கரையில் இன்னொரு வேலையும் உண்டு: சக்கரக் காலின் பளபளக்கும் தண்டைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது. அதில் ஒட்டிய மணல் சீலைக் கீறும். உப்பு உலோகத்தைக் குழியாக்கும்.

சோதனையில் கண் தவறினால் என்ன ஆகும்? 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவில் ஒரு டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. மூன்று ஹைட்ராலிக் சுற்றுகளும் ஒரே நேரத்தில் போயின. மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் அதை சூ சிட்டி வரை கொண்டுபோனார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். தட்டில் இருந்த விரிசல், முன்பு நடந்த சோதனையில் கண்ணில் படாமல் போயிருந்தது.

இந்தியாவில் இந்தத் தொழிலைக் கற்கும் வழிகளில் ஒன்று 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம். ஐடிஐயில் இரண்டாண்டு ஃபிட்டர் படித்தவர்கள், உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, தேர்வெழுதி தேசியச் சான்றிதழ் வாங்கலாம். விமானங்கள் செய்யும் எச்ஏஎல் நிறுவனம் தன் பிரிவுகளுக்கு இப்படி அப்ரெண்டிஸ்களை எடுக்கிறது. விமானங்களின் ஹைட்ராலிக் கருவிகளைச் செய்யும் அதன் பிரிவு லக்னோவில் 1970-இல் தொடங்கியது. மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ மையமும் அப்ரெண்டிஸ்களுக்கு அறிவிப்பு வெளியிடுகிறது. அங்கே சோதிக்கப்படும் விகாஸ் எஞ்சின் பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தை உந்துகிறது; பறக்கும்போது அதைச் சாய்த்துத் திசை திருப்புவதும் ஹைட்ராலிக் விசைதான்.