அணைய மறுக்கும் மின்சாரம்

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை நோட்டும் கையுமாக வந்தான். அவன் வீட்டு மொட்டை மாடிக்கு ஆறு சூரிய மின்தகடுகள் வந்து இறங்கியிருந்தன. குளியலறையில் ஏற்கெனவே கெய்சர் இருக்கிறது. தகடுகளிலிருந்து வரும் இரண்டு கம்பிகளையும் நேரே கெய்சரில் கொடுத்துவிட்டால் செலவில்லாமல் வெந்நீர் கிடைக்குமே என்பது அவன் யோசனை. படமும் வரைந்திருந்தான்.

“கணக்கெல்லாம் போட்டுவிட்டேன், மாமா. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் இணைக்கப் போகிறோம்” என்றான்.

கணக்கைப் பார்த்தேன், பிழையில்லை. படத்தைப் பார்த்தேன்; அதில் ஒரு தீ விபத்து ஒளிந்திருந்தது. அது எங்கே இருந்தது என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அவன் கணக்கு. கெய்சரின் மேல் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருக்கிறது. திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் சுமார் 8.7 ஆம்பியர். ஓம் விதிப்படி ஹீட்டர் கம்பியின் மின்தடை சுமார் 26 ஓம். அவனிடமுள்ள தகடு ஒவ்வொன்றும் நல்ல வெயிலில் ஏறத்தாழ 37.5 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். ஆறையும் தொடராக இணைத்தால் 225 வோல்ட், அதே 8.8 ஆம்பியர். ஹீட்டருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகிறது! மின்னோட்டம் ஒரே திசையில் ஓடினாலும் திசை மாறி மாறி ஓடினாலும் ஹீட்டர் கம்பிக்குக் கவலையில்லை. இரண்டிலும் அது சூடாகும். 25 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த வேண்டியது 3675 கிலோஜூல். அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்றே அதிகம். உச்சி வெயிலில் அரை மணி நேர வேலை.

இதில் ஒரு சிறு ஓட்டை உண்டு. மேகம் வந்து வெயில் பாதியானால் என்ன ஆகும்? தகடு தரும் மின்னோட்டமும் பாதியாகி 4.4 ஆம்பியர் ஆகும். ஆனால் கம்பியின் மின்தடை அதே 26 ஓம்தான். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற ஜூல் விதியைப் படித்திருப்பீர்கள். 4.4 இன் இருமடியை 26 ஆல் பெருக்குங்கள். சுமார் 500 வாட்தான் வருகிறது. அந்த அரை வெயிலிலும் தகடுகளால் ஏறத்தாழ 1000 வாட் தர முடியும். ஹீட்டர் அதில் பாதியைத்தான் வாங்கிக்கொள்கிறது. வெயில் பாதி, வெந்நீர் கால்! இது நட்டம், ஆபத்தில்லை.

ஆபத்து இருப்பது தெர்மோஸ்டாட்டில். தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் காவலாளி அது. பல கெய்சர்களில் இது ஒரு பித்தளைக் குழாய். அதற்குள் இன்வார் என்ற உலோகக் கலவையாலான கம்பி. இன்வார் என்பது இரும்பும் 36 சதவீத நிக்கலும் சேர்ந்தது. சூடு பட்டாலும் கிட்டத்தட்ட நீளாது என்பதுதான் அதன் விசேஷம். 1896-இல் இதைக் கண்டறிந்த கியோம் என்ற அறிஞருக்கு 1920-இல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர் சூடானால் பித்தளை நீளும், இன்வார் நீளாது. அந்த இம்மியளவு வித்தியாசம் ஒரு விசையைத் தட்டிவிட, இரண்டு தொடுமுனைகள் விலகுகின்றன. மின்சுற்று அறுகிறது.

உண்மையில் அறுகிறதா? இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தொடுமுனைகள் பிரியும் கணத்தை மெதுவாக நினைத்துப் பாருங்கள். முதலில் பரப்பு முழுவதும் தொட்டுக்கொண்டிருந்தவை, கடைசியில் ஊசி முனையளவு புள்ளியில் மட்டும் தொடுகின்றன. 8.8 ஆம்பியரும் அந்த ஒரே புள்ளி வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டும். அங்கே உலோகம் உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் அயனிகளாகி, தாமே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகின்றன. முனைகள் பிரிந்துவிட்டன, ஆனால் நடுவே ஒரு நெருப்புப் பாலம் நிற்கிறது. இதற்கு மின்வில் என்று பெயர். வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிக்கும் ஒளி தெரியுமே, அதன் தம்பி இது. இதன் வெப்பநிலை பல ஆயிரம் பாகை. தொடுமுனையில் பூசிய வெள்ளி 962 பாகையிலேயே உருகிவிடும்.

‘அப்படியானால் தினமும் கெய்சர் எரிந்து போக வேண்டுமே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மின்வாரியம் தருவது மாறுதிசை மின்னோட்டம். அது விநாடிக்கு 50 சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுழியைத் தொடுகிறது. ஆக விநாடிக்கு 100 முறை மின்னோட்டமே இல்லாத ஒரு கணம் வருகிறது. அந்தக் கணத்தில் மின்வில்லுக்குத் தீனி இல்லை. அது அணைகிறது, இடைவெளி குளிர்கிறது, பிறகு பற்றுவதில்லை. தெர்மோஸ்டாட் வெற்றி பெற்றதாக நாம் நினைக்கிறோம். பாதி வேலையைச் செய்வது மின்சாரத்தின் சுபாவம்!

சூரியத் தகடு தருவதோ நேர்மின்னோட்டம். அது சுழிக்கு வருவதே இல்லை. ஒரு மில்லிமீட்டர் அளவே விலகும் முனைகளுக்கு நடுவே 225 வோல்ட்டில் பற்றிய மின்வில், நின்று எரிந்துகொண்டே இருக்கும். முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கூடு தீப்பற்றலாம். ஒட்டிக்கொண்டால் தண்ணீர் கொதிக்கும் வரை சூடேறும். திறந்த வெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். மூடிய தொட்டிக்குள் அது கேட்டால்? இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர் போதுமான சூட்டை எட்டுவது பெரும்பாலும் நண்பகலில், அதாவது தகடுகள் முழு மூச்சாக வேலை செய்யும் நேரத்தில். காவலாளி கதவைச் சாத்த வேண்டிய நேரமும் வெள்ளம் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றே.

“கெய்சரில்தான் இரண்டாவதாக ஒரு கட்-அவுட் இருக்கிறதே, மாமா?” என்றான் பையன். இருக்கிறது. தெர்மோஸ்டாட் தவறினால் அது துண்டிக்க வேண்டும். ஆனால் அதுவும் இரண்டு தொடுமுனைகள்தான்! ஒருவன் எதனால் தோற்றானோ அதனாலேயே மற்றவனும் தோற்பான்.

இந்தத் தொல்லை புதியதல்ல. வீடுகளுக்கு மின்விளக்கு வந்த தொடக்க நாட்களில் பல ஊர்களில் நேர்மின்னோட்டமே இருந்தது. மெதுவாகத் திறக்கும் சுவிட்சுகள் மின்வில்லால் கருகின. இங்கிலாந்தில் நியூகாசில் நகரைச் சேர்ந்த ஜான் ஹோம்ஸ் என்பவர் 1884-இல், வில் பற்றுமுன் சட்டென்று விலகும் சுவிட்சைச் செய்தார். சுவிட்சைத் தட்டும்போது ‘டக்’ என்று கேட்கிறதே, அந்த ஒலிக்கு வயது 140-க்கு மேல்.

சரி, வழிதான் என்ன? எளிய வழி, தகடுகளின் மின்சாரத்தை இன்வெர்ட்டர் மூலம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாக மாற்றிக்கொள்வது. பிறகு கெய்சர், தெர்மோஸ்டாட், கட்-அவுட் எல்லாம் பழையபடியே இருக்கலாம். வீட்டுத் தேவை போக மிஞ்சும் மின்சாரம் எவ்வளவு என்று அளந்து, மிச்சத்தை மட்டும் ஹீட்டருக்குத் திருப்பிவிடும் கருவிகளும் உண்டு. நான் அவனுக்குச் சொன்னது இதைத்தான்.

நேர்மின்னோட்டத்திலேயே நடத்துவதென்றால் தெர்மோஸ்டாட்டின் வேலையை மாற்ற வேண்டும். அது கதவைச் சாத்தக் கூடாது; விசில் மட்டும் அடிக்க வேண்டும். வெள்ளி முனைகளுக்கிடையே சுமார் 12 வோல்ட்டுக்குக் கீழே மின்வில் நிலைக்காது. ஆகவே 5 வோல்ட்டில் ஆம்பியரில் ஆயிரத்தில் சில பங்கு ஓடும் தனிச் சுற்றில் தெர்மோஸ்டாட்டை வைக்கிறார்கள். அது தரும் சைகையைக் கேட்டு 8.8 ஆம்பியரை நிறுத்துவது ஒரு திரான்சிஸ்டர். அதற்குள் விலகும் முனைகளே இல்லை. எனவே வில்லும் இல்லை. இதே மின்னணுச் சுற்று, வெயிலுக்கேற்ப மின்னழுத்தத்தையும் சரிப்படுத்தி, மேகத்தில் நாம் இழந்த பாதியையும் மீட்டுத் தரும்.

திரான்சிஸ்டரும் பழுதாகலாமே! அதனால் கட்-அவுட்டின் பேச்சைக் கேட்கும் கான்டாக்டர் ஒன்றும் தனியே வேண்டும். இதில் முனைகள் உண்டு. ஆனால் பக்கத்தில் ஒரு காந்தமும் உண்டு. மின்வில்லும் மின்னோட்டம்தானே? காந்தப்புலத்தில் மின்னோட்டத்தின் மேல் விசை செயல்படும் என்ற பிளெமிங்கின் இடக்கை விதிப்படி, காந்தம் அந்த வில்லைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. ரப்பர் போல இழுபட்டு நீண்டு, குளிர்ந்து, அறுந்து போகிறது.

இவற்றை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை இது. ஆறு தகடுகளின் தொடரில் ஹீட்டர் இணைக்காதபோது 270 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். வெயில் அடிக்கும் வரை அதை நிறுத்தச் சுவிட்சே கிடையாது. கம்பியைத் துண்டித்தாலும் தகட்டின் பக்கம் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மின்சாதனக் கடையில் புதிய சுவிட்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் பொறித்துள்ளதைப் படியுங்கள். ஆம்பியர், வோல்ட் எண்களுக்கு அருகே சிறு அலை போன்ற குறி இருக்கும். மாறுதிசை மின்னோட்டத்துக்கு மட்டுமே நான் பொறுப்பு என்று அந்தச் சுவிட்சு சொல்கிறது. நேர்மின்னோட்டத்துக்கு உரியதென்றால் ஒரு நேர்கோடும் அதன் கீழ் விட்டுவிட்டு ஒரு கோடும் இருக்கும்.

பையன் மறுநாளே கெய்சரோடு வந்த குறிப்புத்தாளைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தான். தெர்மோஸ்டாட் என்ற வரிக்கு எதிரே அந்த அலைக் குறி இருந்தது. நோட்டில் பழைய படத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இன்வெர்ட்டர் வைத்துப் புதுப் படம் வரைந்திருந்தான்.