கூட்டம் குறையாத ஓட்டலை ஏன் மூடினார்கள்?

நீங்கள் தினமும் மிட்டாய் வாங்கும் கடை ஒரு நாள் திறக்கவே இல்லை என்றால் என்ன நினைப்பீர்கள்? "வியாபாரம் ஆகலை போல, அதான் மூடிட்டாங்க!" என்பீர்கள். வகுப்பில் நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதிலும் இதுதான். ஆனால் கூட்டம் அலைமோதியும் மூடப்பட்ட கடைகள் உண்டு. சென்னையில் இருந்த ஓர் ஓட்டலின் கதையைக் கேளுங்கள்.

அதன் பெயர் உட்லண்ட்ஸ் டிரைவ் இன். ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், கதீட்ரல் சாலையில் இருந்தது. 1962-ல் அதைத் தொடங்கியவர் கிருஷ்ணா ராவ். உடுப்பிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஓட்டல்களில் சின்னச் சின்ன வேலைகள் பார்த்து, பிறகு சொந்தமாக ஓட்டல் நடத்தியவர். ராயப்பேட்டையில் 'உட்லண்ட்ஸ்' என்ற பெரிய பங்களாவில் 1938-ல் அவர் ஓர் ஓட்டல் தொடங்கினார். அந்தப் பங்களாவின் பெயரே அவருடைய மற்ற ஓட்டல்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அதென்ன டிரைவ் இன்? காரை ஓட்டிக்கொண்டு நேராக உள்ளே போய் மரநிழலில் நிறுத்த வேண்டியதுதான். சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்பார். கொஞ்ச நேரத்தில் கார்க் கதவில் ஒரு தட்டை மாட்டுவார். அதன்மேல் சுடச்சுடத் தோசை, சாம்பார், காபி எல்லாம் வந்து உட்காரும். இறங்காமலே சாப்பிடலாம்! அமெரிக்காவில் இருந்த வழக்கம் இது. இங்கே வந்ததும் சட்னி சாம்பாரோடு சேர்ந்துகொண்டது.

கார் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! அவர்களுக்கு உள்ளே மேஜை நாற்காலிகள் உண்டு. கல்லூரி மாணவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், காலையில் நடந்துவிட்டு வரும் தாத்தாக்கள் என்று பலரும் வருவார்கள். ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பந்து போல உப்பிய சோளா பட்டூராவுக்குத் தனி மவுசு.

இத்தனை இருந்தும் 2008-ல் அந்த ஓட்டல் மூடப்பட்டது. காரணம் தோசை அல்ல, நிலம்! ஓட்டல் நின்ற இடம் ஓட்டல்காரருக்குச் சொந்தமில்லை. தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அது அரசுக்குச் சேர வேண்டிய நிலம் என்று அரசு சொன்னது. நீண்ட வழக்குக்குப் பின் நிலம் அரசிடம் வந்தது. 46 வயதான ஓட்டலுக்குப் பூட்டு! மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பழைய வாடிக்கையாளர்கள் கடைசியாக ஒரு காபி குடிக்கத் தேடி வந்தார்கள்.

அந்த இடத்தில்தான் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. ஓட்டலுக்கு நிழல் தந்த பெரிய மரங்களை அங்கே பார்க்கலாம். அடுக்குமாடிக் கட்டடம் வராமல் பூங்கா வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் எந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை போடாத காபி என்று தெரிந்துவைத்திருக்கும் சர்வரை எந்தப் பூங்காவில் தேடுவது?

பெங்களூரில் பிரீமியர் என்று ஒரு புத்தகக் கடை இருந்தது. 1971-ல் ஷான்பாக் என்பவர் தொடங்கியது. சின்ன இடம்தான், ஆனால் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள்! எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் கடையும் 2009-ல் குத்தகை முடிந்து மூடப்பட்டது. மும்பையில் ரிதம் ஹவுஸ் என்ற இசைத்தட்டுக் கடையின் கதை வேறு. கணினியிலும் செல்போனிலும் பாட்டு கேட்கும் காலம் வந்ததால், 2016-ல் அது மூடப்பட்டது.

சரி, கடையை மூடிவிட்டால் அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆவார்கள்? யாருமே கேட்காத கேள்வி இது. 1950-களில் காபி போர்டு, தான் நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியது. சமையல்காரர்களும் சர்வர்களும் தெருவுக்கு வந்தார்கள். அப்போது ஏ.கே.கோபாலன் என்ற தலைவர், "நீங்களே சேர்ந்து நடத்துங்கள்" என்று அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதாவது, வேலை செய்பவர்களே முதலாளிகள்! முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பெங்களூரில் தொடங்கியது. பிறகு கேரளம், டில்லி, புதுச்சேரி என்று பல இடங்களில் இந்தியன் காபி ஹவுஸ்கள் வந்தன.

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் அவர்கள் நடத்திவந்த காபி ஹவுஸுக்கும் 2009-ல் இடப் பிரச்சினை வந்தது. காலி செய்தே ஆக வேண்டும். காலி செய்தார்கள். சற்றுத் தள்ளி சர்ச் தெருவில் ஓர் இடம் பிடித்து, அதே ஆண்டு மறுபடியும் திறந்தார்கள். தலைப்பாகை கட்டிய சர்வர்கள் அங்கேயும் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்கள்.