மாசியில் சிவக்கும் பருத்திக்காடு

மாசி மாதம் கரிசல் மண்ணுள்ள இடைசெவல் பக்கம் போனால் பருத்திக்காட்டில் இறங்கி, அடியிலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு; நரம்பை ஒட்டி மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம். பறிக்கக்கூட வேண்டாம், காம்பைத் தொட்டாலே கையோடு வந்துவிடும். கனடாவில் மேப்பிள் சிவப்பதும் பெரும்பாலும் இதே சாயத்தால்தான். ஆனால் நம் சம்சாரி, அதாவது விவசாயி, இதை நின்று ரசிப்பதில்லை. இலை செவந்தால் அவருக்குக் கவலை.

காய் திரளும்போது தழைச்சத்தும் மக்னீசியமும் நிறைய வேண்டும். அதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை கரிசலில் விட்டுப்போன ஈரம் வற்றத் தொடங்கியிருக்கும். வேர் தருவது போதாமல், செடி தன் இலையிலிருந்தே எடுத்துக் காய்க்குக் கொடுக்கிறது. பச்சையத்தின் நடு அணுவே மக்னீசியம்தான். பச்சையம் கலைந்தால் வெளியே தெரிய வேண்டியது மஞ்சள். அது முன்பே இலைக்குள் ஒளிந்திருந்த நிறம். சிவப்போ உதிரப்போகிற இலை புதிதாகச் செய்துகொள்வது. ஆந்தோசயனின் என்று பெயர். பகலில் உண்டான சர்க்கரை பனி ராத்திரியில் வெளியேறாமல் இலையில் தேங்கினால் இது கூடும். சத்து முழுக்கக் கைமாறும்வரை வெயில் இலையைச் சுட்டுவிடாமல் பிடிக்கும் குடை என்று பலர் விளக்கம் சொல்கிறார்கள்.

உதிர்வதைப் பற்றிய ஆராய்ச்சியிலும் பருத்திக்கு ஒரு கதை உண்டு. 1963-இல் அமெரிக்காவில் அடிகாட் என்ற விஞ்ஞானியின் குழுவினர், உதிர்வைத் தூண்டும் பொருளைத் தேடி 225 கிலோ பருத்திப் பிஞ்சிலிருந்து 9 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். அதற்குப் பின்னால் வந்த பெயர் அப்சிசிக் அமிலம். உதிர்தல் என்ற பொருளில் வைத்தது. கடைசியில் பார்த்தால், இலையை உதிர்ப்பதில் பெரிய கை எத்திலீன் வாயுவுக்குத்தான். அப்சிசிக் அமிலத்தின் முக்கிய வேலை, ஈரம் குறையும்போது இலைத்துளைகளை மூடி நீரை மிச்சம்பிடிப்பது. கரிசலுக்கு அதுவல்லவா வேண்டும்!

காய்க்குச் சத்துச் சேர நாம் செய்வதும் ஒன்று உண்டு: நுனி கிள்ளுவது. அதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை, கட்டைவிரல் நகம் போதும். விதைத்து 75, 80 நாளில், பதினைந்தாம் கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ளிவிடச் சொல்வது வேளாண் துறையின் பரிந்துரை. உயரம் போக வேண்டிய சத்து காய்க்குத் திரும்பும். காலம் தப்பிக் கிள்ளினால் பலனில்லை.

பருத்தி உண்மையில் பல ஆண்டு வாழும் புதர். நாம்தான் அதை ஒரு வெள்ளாமையோடு முடித்துவிடுகிறோம். பருத்தி எடுத்தபின் வயலில் நிற்கும் செடியான மாரில் தண்டுக்கூன்வண்டும் காய்ப்புழுவும் தங்கி அடுத்த விதைப்புக்கு ஏறும் என்பதால், 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பூச்சி நோய்ச் சட்டத்தின்கீழ், பருத்திமாரை நாள் குறித்துப் பிடுங்கச் செய்தார்கள். பிடுங்கிய மார் கட்டுக்கட்டாக அடுப்புக்குப் போகும். வேலியோரம் கண்ணுக்குத் தப்பிய ஒன்றிரண்டு மட்டும் கோடைமழை விழுந்ததும் மொட்டைத் தண்டில் மறுபடி துளிர்க்கும்.