இழுப்பறை போல் திறக்கும் இணையப் பட்டியல்: நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி?

குகட்பள்ளியில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது ஹைடெக் சிட்டிப் பக்கம் மென்பொருள் வேலைக்குச் சென்று வருபவராக இருப்பார். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களும் உண்டு. இங்கே கடைப் பலகையில் தெலுங்கு, கைப்பேசியில் ஆங்கிலம். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் ஓர் இணையதளம் கிடைத்தால்கூட, அதன் உள்ளே போகும் வழி பல நேரங்களில் புலப்படுவதில்லை. அந்த வழியைத் திறக்கும் ஒரு சிறு பகுதியைப் பற்றி இங்கே காண்போம்.

இணையப் பக்கத்தின் மூலையில், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணிப்பொறிக்காக நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த சின்னம் அது. அதைத் தொட்டால் ஓரத்திலிருந்து ஒரு பலகை நழுவி வரும். அதில் பக்கங்களின் பட்டியல் இருக்கும். மேஜை இழுப்பறையைப் போன்றது இது. இடம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் மூடிய இழுப்பறைக்குள் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? இப்படி மறைத்து வைத்த பட்டியலை மக்கள் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்று நீல்சன் நார்மன் குழு 2016-இல் ஆய்ந்து சொன்னது.

இத்தகைய பலகையை இன்று யாரும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆயத்தமாகச் செய்து வைத்த பகுதிகளின் தொகுப்புகள் உள்ளன. 2011-இல் வெளியான பூட்ஸ்ட்ராப் அவற்றுள் ஒன்று; இலவசமாகக் கிடைப்பது. 2021-இல் வந்த அதன் 5-ஆம் பதிப்பில் 'ஆஃப்கேன்வாஸ்' என்ற பெயரில் இந்தப் பலகை சேர்க்கப்பட்டது. ஆனால் ஆயத்த ஆடை எல்லோருக்கும் அப்படியே பொருந்திவிடுவதில்லை. தமிழுக்கும் நம் பெரியவர்களுக்கும் ஏற்ப ஐந்து இடங்களில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அகலம். இப்பலகையின் இயல்பான அகலம் 400 பிக்சல். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரையோ 360 பிக்சல் அளவில்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே பலகை திரை முழுவதையும் மூடிவிடும். பின்னால் இருக்கும் பக்கம் தெரியாதபோது, "இது வேறெங்கோ வந்துவிட்டதே" என்று பெரியவர்கள் திகைப்பது இயற்கை. அகலத்தைத் திரையில் 80 சதவீதமாக வைத்தால், பழைய பக்கம் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். அங்கே தொட்டாலும் பலகை மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, எழுத்து. நம் சொற்கள் நீளமானவை. 'நிகழ்ச்சிகள்', 'உறுப்பினர் பதிவு' போன்றவை ஒரு வரியில் அடங்காமல் போகலாம். அவற்றைப் பாதியில் வெட்டாமல் அடுத்த வரிக்கு இறங்க விட வேண்டும். மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்து நமது. எனவே வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுவது நலம். ஆங்கிலத்தில் தலைப்புகளைப் பெரிய எழுத்தாக மாற்றி வேறுபடுத்துவார்கள். தமிழில் அது பலிக்காது. தடித்த எழுத்தோ நிறமோதான் உதவும்.

மூன்றாவது, பெயர். மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் 'பட்டியல்' என்று தமிழில் எழுதி வையுங்கள். இந்த ஒரு சொல் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஒவ்வொரு வரியும் விரலுக்கு எட்டும் அளவில் இருக்கட்டும். 2023-இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை குறைந்தது 24 பிக்சல் என்கிறது. நடுங்கும் விரலுக்கு 44 இருந்தால் நல்லது.

நான்காவது, மூடும் வழி. வெறும் பெருக்கல் குறியோடு 'மூடு' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்காக, அக்குறியின் பின்னே ஆங்கிலத்தில் 'குளோஸ்' என்று எழுதும் வழக்கம் உண்டு. அதையும் தமிழாக்கி, பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்தால்தான் அது தமிழ்க் குரலில் ஒலிக்கும்.

ஐந்தாவது, பெரிய திரை. கணிப்பொறியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே பட்டியலை ஒளித்து வைப்பானேன்? அகன்ற திரையில் எப்போதும் தெரியும்படியும், சிறிய திரையில் மட்டும் மறையும்படியும் அமைக்கும் வசதி 2022-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து உள்ளது.

இவற்றைச் செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். வாடகை வீட்டில் சுவரை இடிக்க மாட்டோம். நம் திரைச்சீலையை மாட்டிக்கொள்வோம். அதுபோலத் தொகுப்பின் மூலக் கோப்பில் கை வைக்கக் கூடாது. வைத்தால், புதிய பதிப்பை ஏற்றும்போது நம் திருத்தமெல்லாம் அழிந்துபோகும். அகலம், நிறம் போன்றவற்றுக்கு 5.2 பதிப்பு முதல் தனித்தனிப் பெயர்கள் தரப்பட்டுள்ளன. அந்தப் பெயருக்கு உரிய மதிப்பை நம்முடைய நடைக்கோப்பில் மாற்றி எழுதினால் போதும்.

தமிழ்ச் சங்கங்களுக்கு இணையதளம் அமைத்துத் தரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் கைப்பேசியை வீட்டிலுள்ள பாட்டியிடம் கொடுங்கள். எதையும் சொல்லித் தராமல், "அடுத்த நிகழ்ச்சி என்றைக்கு என்று பாருங்கள் பாட்டி" என்று மட்டும் கேளுங்கள். அவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பட்டியல் சரியாக அமைந்துவிட்டது. தடுமாறினால், அவர் எங்கே நின்றாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.